சுவருக்கு அளவெடுத்தவர்

குளிர் விட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, தையல்காரர் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது. நான் அந்த வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. மதியத்துக்கு மேல் போனால் போதும். அதனால் காலை முழுக்க என் ஜன்னலுக்குக் கீழே நடப்பதெல்லாம் வேண்டாமென்றாலும் கண்ணில் படும், காதில் விழும். தையல்காரரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி. அண்ணி என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மாடி" என்பாள். "ஏ மாடி, கீழ வா, கீரை கிள்ளித் தரேன்."

கொல்லை பெரியதில்லை. முப்பதடிக்கு இருபதடி இருந்தால் அதிகம். ஆனால் அண்ணி அதில் ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டதில்லை. தக்காளி, கத்திரி, வெண்டை, மிளகாய், அவரை, வெள்ளரி, பூசணி, வரப்போரமெல்லாம் சாமந்தியும் செண்டுப்பூவும், கிணற்றடியில் ரோஜா. தெருவில் நாலைந்து வீட்டு அடுப்புக்குக் காய் இங்கிருந்துதான் போகும். மூலைக்கடைப் பூக்காரம்மா காலையில் கூடையோடு வந்து நிற்பாள்.

குளிர்காலத்தில் மண் இறுகிப் பாறை மாதிரி கிடக்கும். அதை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை மண்வெட்டியின் முதுகால் தட்டி உடைத்து, வேரையும் கல்லையும் பொறுக்கிப் போட வேண்டும். மூலையில் ஒரு வருஷமாக மக்கிக் கிடந்த குப்பைக் குழியைத் திறந்தால் ஆவி கிளம்பும். அதை அள்ளி, உடைந்த கட்டிலின் கம்பி வலையில் போட்டுச் சலிப்பாள். கீழே விழுவது காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நல்லா பழுத்திருக்கு" என்பாள், யாரிடம் என்றில்லாமல்.

விதைகள் அதற்கு முன்பே முளைத்திருக்கும். அண்ணனின் வெட்டுமேஜைதான் நாற்றங்கால். பின்பக்க ஜன்னலோரம் போட்ட நீள மேஜை. வீட்டிலேயே நல்ல வெயில் விழுகிற இடம் அது. பாதி மேஜையில் அண்ணன் துணி வெட்டுவார், மீதிப் பாதியில் நூற்று நாற்பது பிளாஸ்டிக் டம்ளர்கள்.

"இது கட்டிங் டேபிளா, காய்கறிக் கடையா?" என்பார் அண்ணன், வருஷா வருஷம்.

"துணிக்கு வெயில் வேணாம், நாத்துக்கு வேணும். கொஞ்சம் தள்ளிப் போட்டுத்தான் வெட்டுங்களேன், கத்தரிக்கோலு அங்க வெட்டாதா?"

தோட்டத்தில் அண்ணனுக்கு இருந்த பங்கு ஒன்றே ஒன்று, துணிக்கீற்று. வெட்டி மிஞ்சியதை விரலகலத்துக்குக் கிழித்து ஒரு பையில் போட்டு வைப்பார். அண்ணி கொடியைக் கட்டவும் செடியைக் குச்சியோடு சேர்க்கவும் அதைத்தான் எடுப்பாள். கோடை பிறந்தால் கொல்லை முழுக்கக் கட்டம் போட்டதும் கோடு போட்டதுமாக, தெருவில் யார் யார் என்ன தைத்துக்கொண்டார்கள் என்பது செடிகளில் தெரியும்.

இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. அந்த வசந்தத்தில்தான் கார்டு வந்து சேர்ந்தார்.

கார்டு என்பது அவர் ரயிலில் பார்த்த வேலை. ஓய்வு பெற்று, மனைவியும் தவறிய பிறகு, கிழக்குப் பக்கத்து வீட்டில் மகளோடு வந்து தங்கியிருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா. எதையும் கடிகாரம் பார்த்துத்தான் செய்வார். காலை ஆறு பத்துக்குத் தண்ணீர், ஏழு இருபதுக்கு நடை. மகள் வீட்டுக் கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் மார்பளவுச் சுவர். ஒருநாள் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏங்க, பட்டாணி எவ்வளவு ஆழத்துல போடணும்?" என்று கேட்டார். அண்ணி சொன்னாள். மறுநாள் வேறொன்று கேட்டார். ஒரு வாரத்தில் அவளை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"டீச்சர், என் முள்ளங்கிய வந்து பாருங்க. மேல ஒரே இலை. கீழ ஒண்ணையும் காணோம்."

"உரத்தக் கொட்டிட்டீங்களா கார்டு சார்?"

"ஒரு கூடைதான்."

"ஒரு கூடையா! அதான். உக்காந்த எடத்துல சாப்பாடு வந்தா அது எதுக்குக் கீழ எறங்கி உழைக்கும்?"

"ரிட்டையர் ஆனப்புறம் நானும் அப்படித்தான் டீச்சர் இருக்கேன்."

அண்ணி சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. சிரிப்பு அடங்குகிற வரை நின்று, பிறகு மறுபடி ஓடியது.

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். கொல்லையில் பேச்சு எழும்போதெல்லாம் மிஷின் நிற்கும். சுவரோரம் அண்ணி பாத்தி கட்டிக்கொண்டிருப்பாள், கார்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்: தக்காளிக்குப் பக்கத்தில் செண்டுப்பூ, புழு வராது, நாற்றை வெயிலுக்குப் பழக்க முதல் நாள் ஒரு மணி, இரண்டாம் நாள் இரண்டு மணி. உள்ளே மிதியில் கால் வைத்தபடி அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பி இறங்கும்போது படிக்கட்டடியில் நின்றிருந்தார். கழுத்தில் டேப்பு.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?"

"கேளுங்கண்ணே."

"மேல இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த ஆளு என்னதான் பேசறான்?"

"செடியப் பத்திதாண்ணே. வேற என்ன?"

"செடியப் பத்தி அவ்ளோ சிரிப்பு எங்கேர்ந்து வருது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் இருபத்தாறு வருஷமா இவளோட குடித்தனம் பண்றேன். நான் சொன்ன எதுக்காவது இவ அப்படிச் சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

நான் யோசித்தேன். அதற்குள் அவரே, "விடு, விடு, பஸ்ஸு போயிடும்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டுமென்று மாடிக்கு வந்தார். தொட்டியில் ஒன்றும் கெட்டுப் போயிருக்கவில்லை. என் ஜன்னலில் நின்று கார்டின் கொல்லையையே பார்த்தார். பட்டாணிக் கொடி குச்சிகளில் இடுப்புயரம் ஏறியிருந்தது.

"தங்கச்சி, எனக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மட்டு. அந்தக் கொடியில கட்டியிருக்கே, அது என்ன கலரு?"

"ஊதா மாதிரி இருக்குண்ணே."

"வெள்ளைப் புள்ளி இருக்கா?"

இருந்தது. நான் சொல்லத் தயங்கியதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது போன மாதம் அண்ணிக்கென்று அவர் பார்த்துப் பார்த்து எடுத்துவந்து தைத்த துணி. வேறு யாருக்கும் அதில் ஒரு முழம்கூடப் போகவில்லை. மிஞ்சியதைக் கிழித்துப் பையில் போட்டவரும் அவரேதான்.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் கீழே நடந்த பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது.

"உன் உடம்புக்குத் தச்ச துணி அவன் வீட்டுக் கொடியில தொங்குது."

"எந்தத் துணி?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊதாத் துணி."

"அய்ய, அந்தக் கீத்தா! பைக்குள்ள கைய விட்டேன், வந்ததக் குடுத்தேன். கட்டறதுக்குக் கயிறு இல்லன்னாரு. கலரு பாத்தா குடுத்தேன்?"

"குடுக்கறதுக்கு எத்தனையோ இருக்கையில கைக்கு அதுதான் வந்துதா?"

தட்டில் கரண்டி வைக்கிற ஓசை கேட்டது.

"என்ன சொல்ல வரீங்கன்னு நேரா சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு. அந்தச் சொவத்த ஏழடிக்குத் தூக்கப் போறேன். வியாழக்கிழமை வரான்."

"கிழக்குப் பக்கம் ஏழடியா? காலை வெயில் மொத்தமும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருது. தக்காளிப் பாத்தி நிழல்ல போயிடும்."

"செடிதான போகும்? போகட்டும்."

அண்ணி தட்டை ஒதுக்கினாள். எழுந்து பாத்திரங்களைக் கழுவினாள். வெயிலுக்குப் பழக்குவதற்காக டம்ளர்களெல்லாம் தட்டுத் தட்டாகக் கொல்லைச் சுவரோரம் இருந்தன. வழக்கமாக அந்த நேரத்துக்குத் தண்ணீர் காட்டி உள்ளே எடுத்து வைப்பாள். அன்றைக்கு எடுக்கவில்லை. ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மிஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. தோட்டத்துக்குப் போனாத்தான வம்பு? இனிமே இங்கதான் இருப்பேன். நல்லாப் பாத்துக்குங்க."

மறுநாளும் அப்படியே. காலையில் சமையலை முடித்துவிட்டு முக்காலியில் வந்து உட்காருவாள். கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்ப்பாள். அளவு கொடுக்க வந்தவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார்கள். அண்ணனுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கை வரவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டார்.

"போயி வேலையப் பாரேன்" என்றார் கடைசியில்.

"இதுதான் வேலை."

பூக்காரம்மா வந்து சாமந்தி நாற்று கேட்டபோது, "எங்கிட்ட கேக்காதீங்க, வீட்டுக்காரரக் கேளுங்க" என்றாள். நான் தண்ணீர் ஊற்றப் பூவாளியைத் தூக்கினேன். "ஏ மாடி, அதக் கீழ வை" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. அந்த மாதத்து வெயில் பார்க்க மென்மையாக இருக்கும். காற்றோடு சேர்ந்தால் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சிறு டம்ளரில் இருக்கிற நாற்று ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் தலை சாயும். கொத்திப் பதமாக வைத்திருந்த பாத்திகள் மேலே வெளுத்து, ஓடு மாதிரி விரிசல் விட்டன. நட வேண்டிய வாரம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் நாற்றுகள் சாகவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணன் எதற்கோ கொல்லைக் கதவைத் திறந்தவர், தட்டுகளைப் பார்த்துவிட்டு நின்றார். டம்ளர் மண் கறுப்பாக ஈரமாக இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு என் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அண்ணன் கொல்லைக் கதவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறார். ஆறு பத்துக்குச் சுவருக்கு மேலே ஒரு ரப்பர் குழாய் எழுந்தது. நுனியைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, தூறல் மாதிரி தண்ணீரை நாற்றுகள் மேல் விழ வைத்துக்கொண்டிருந்தார் கார்டு.

"என்ன சார் நடக்குது இங்க?"

கார்டு திடுக்கிட்டதில் குழாய் திரும்பி அண்ணனின் காலை நனைத்தது.

"வாடிப் போச்சு சார். மூணு நாளா ஊத்திட்டு வரேன். உங்களக் கேக்காம ஊத்தினது தப்புதான்."

"உங்க தண்ணி எங்க வீட்டுக்கு வேணாம்."

"சரி சார்." அவர் குழாயை எடுக்கவில்லை. "இந்தக் கடைசித் தட்டு மட்டும் முடிச்சிடறேன். மிளகா நாத்து, பாதியில விட்டா..."

"என் பொண்டாட்டி வச்ச நாத்து மேல உங்களுக்கு என்ன சார் அவ்ளோ அக்கறை?"

தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னலில் கார்டின் மகள் முகம் தெரிந்தது. நான் படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டேன். அண்ணி உள்ளிருந்து வந்தாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

"அவருகிட்ட என்ன கத்தல்? கேக்கறத எங்கிட்ட கேளுங்க."

"என்னத்தக் கேக்கறது?"

"கேக்கத் தைரியமில்லாமத்தான மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க? நானே சொல்றேன். இவரோட பேசறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆமா."

அண்ணனின் முகம் வெளிறிப் போனது. கார்டு குழாயைக் கீழே விட்டுவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா இந்த மண்ணக் கொத்தறேன். என்னிக்காவது ஒரு நாள் இங்க வந்து நின்னு, இத ஏன் இப்படி நடற, அத ஏன் கிள்ளி எறியறன்னு கேட்டிருக்கீங்களா? காய் நல்லாருக்கு, காய் முத்திப் போச்சு, இவ்ளோதான் உங்க வாயிலேர்ந்து வந்தது. இவரு கேட்டாரு. கேட்டுட்டு, நான் சொன்னத நோட்டுப் போட்டு எழுதினாரு. எனக்கு இவ்ளோ தெரியும்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. அது பிடிச்சிருந்துச்சு. வேற எதுவுமில்ல. நீங்க என்ன வேணா நெனச்சிக்கங்க, எத்தன அடி வேணா சொவரு எழுப்பிக்கங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கார்டு தரையைப் பார்த்தபடி, "நான் வரேன் சார்" என்று முனகிவிட்டுப் போனார். குழாய் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அங்கேயே, நனைந்த காலோடு நின்றார். மனைவி தன்னை ஏமாற்றினாள் என்று கேட்டிருந்தால்கூட அவருக்கு எப்படி நிற்பதென்று தெரிந்திருக்கும். இதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

எட்டு மணிக்குக் கொத்தனார் வந்துவிட்டார். தூக்குக்குண்டும் கரண்டியும் ஒரு சாக்கில். "எத்தன வரிசை ஏத்தணும்?" என்றார்.

"இரு" என்றார் அண்ணன்.

உள்ளே போய், யாரோ திரைச்சீலைக்குக் கொடுத்திருந்த கனத்த துணி ஒன்றை எடுத்துவந்தார். அவரைப் பந்தலுக்கென்று வைத்திருந்த நீளக் கழிகள் இரண்டைச் சுவரோரம் நட்டார். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஏழடி அளந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டார். துணியை அந்தக் கோட்டில் இழுத்துக் கட்டி, சுருக்கம் விழாமல் ஊசி குத்தினார்.

கொத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "சட்டைக்கு ட்ரயல் பாப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். சொவத்துக்கே ட்ரயல் பாக்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அண்ணன் தரையில் விழுந்த நிழலைத்தான் பார்த்தார். துணியின் நிழல் தக்காளிப் பாத்தியைத் தாண்டி, மிளகாய்ப் பாத்தியையும் மூடி, பாதைக்கல் வரை விழுந்தது. நிழலின் விளிம்பில் ஒரு குச்சி குத்தினார். கொத்தனாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு இன்னொரு குச்சி. ஒன்பதரைக்கு இன்னொன்று. பத்து மணிக்கு நிழல் தக்காளிப் பாத்தியின் பாதியில் நின்றது. அதுவரை அவரும் அங்கேயே, வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்தக் கொல்லையில் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வரப்போரத்தில் அண்ணி நட்டுவைத்த சிறு குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் காகிதத்தை மடித்துச் செருகி, பென்சிலால் எழுதியிருந்தாள்: எது, எத்தனை, எந்த நாள். ஒன்றை உருவிப் படித்தார். திரும்பச் செருகினார்.

"இன்னிக்கு வேல உண்டா இல்லியா?" என்றார் கொத்தனார்.

"இல்ல. கூலிக்குக் குறை வைக்க மாட்டேன், நீ போ."

துணியைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் கதவருகில்தான் நின்றேன்.

"நாத்து எப்ப நடணும்?" என்று கேட்டார்.

அண்ணி அவரைப் பார்க்காமல், "போன திங்கக்கிழம" என்றாள்.

"இன்னிக்கு நட்டா?"

"வெயில் தாழட்டும். சாயங்காலம் நட்டாத்தான் ராத்திரி குளிர்ச்சியில வேர் புடிக்கும்."

நாலு மணிக்கு இருவரும் இறங்கினார்கள். அண்ணி என்னையும் கூப்பிட்டாள், நான் அன்றைக்கு வேலைக்கு மட்டம். அண்ணி மண்ணை நனைத்துப் பிசைந்து பதம் பார்த்தாள். அண்ணன் டேப்பைப் பாத்தி நீளத்துக்குப் போட்டு ஒன்றரை அடிக்கு ஒரு புள்ளி வைத்தார்.

"கண்ணளவு போதும்" என்றாள் அண்ணி.

"எனக்குக் கண்ணளவு வராது."

குழி தோண்டுவது அவர் வேலையாயிற்று. டம்ளரைக் கவிழ்த்துத் தட்டி, வேர் கலையாமல் நாற்றை உள்ளங்கையில் வாங்கி, கீழிலைகளைக் கிள்ளி, தண்டை மேலிலை வரை மண்ணில் இறக்கினாள் அண்ணி. நான் பூவாளியோடு பின்னால் போனேன். இரண்டு வரிசை பேச்சில்லாமல் போயிற்று. மூன்றாவது வரிசையில் அண்ணன் தொண்டையைச் செருமினார். கசப்பு மருந்தை விழுங்குகிறவர் மாதிரி,

"இத ஏன் கழுத்து வரைக்கும் பொதைக்கற?" என்று கேட்டார்.

அண்ணியின் கை நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"தக்காளிக்குத் தண்டுலேர்ந்தும் வேர் விடும்" என்றாள் மெல்ல. "எவ்ளோ ஆழமாப் போகுதோ அவ்ளோ கெட்டியா நிக்கும். மிளகாய்க்கு அப்படிப் பண்ணக் கூடாது, அழுகிடும்."

"ம்" என்றார் அண்ணன். அடுத்த குழி தோண்டினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கார்டு அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் வரவேயில்லை. தண்ணீரைக்கூட நாங்கள் எழுவதற்கு முன்னால் ஊற்றிவிட்டுப் போய்விடுவார் போல. பறிக்க வேண்டிய பட்டாணி கொடியிலேயே முற்றி வெளுத்தது. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை செய்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அண்ணன் தினமும் ஒரு கேள்வியோடு கொல்லைக்கு வருவார். சில கேள்விக்கு அவளே களைத்துப் போவாள்.

"சாமந்திய ஏன் நுனிய ஒடிக்கற? நல்லாத்தான இருக்கு?"

"ஒடிச்சாத்தான் பக்கத்துல கிளைக்கும். நேத்தும் இதையேதான கேட்டீங்க?"

"நேத்து ரோஜாவுக்குக் கேட்டேன்."

ஒருநாள் படிக்கட்டில் என்னிடம், "ஜெயிச்ச மாதிரிதான் இருக்கு தங்கச்சி, ஆனா வீட்டுல ஒரே அமைதியா இருக்கு" என்றார். பிறகு, "அந்த ஆளு உள்ளேயே கெடந்து என்னதான் பண்றான்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"தெரியலண்ணே. போய்க் கேக்கட்டுமா?"

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்."

கோடை தொடங்குகிற சமயம். அவரை பந்தலேறிவிட்டது, தக்காளி பூ வைத்துவிட்டது. கொல்லை மூலையில் பூசணிக் கொடி குப்பைக் குழி மேல் படர்ந்திருந்தது. ஒரு காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன், அண்ணி கொடியை இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அன்றைய கேள்வியோடு வந்து சேர்ந்தார்.

"என்ன தேடற?"

"முதல் பெண் பூ விரிஞ்சிருக்கு. பாருங்க, அடியில குட்டியா காய் மாதிரி இருக்கே. ஆண் பூவுல மகரந்தம் எடுத்து இதுல தடவணும். வண்டு இன்னும் வர ஆரம்பிக்கல. ஆண் பூ ஒண்ணைக்கூடக் காணோம், எல்லாம் நேத்தே வாடிடுச்சு."

"நாளைக்குத் தடவினா?"

"மதியம் மூடிக்கும். அப்புறம் பிஞ்சு மஞ்சளாகி உதிந்துடும். போகட்டும், அடுத்தது வரும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கார்டின் கொடியில் ஐந்தாறு மஞ்சள் பூக்கள் விரிந்து நின்றன. எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும்; அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணன் திரும்பினார். பார்த்தார். வாயிலிருந்த இரண்டு குண்டூசிகளை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். நேரே சுவருக்குப் போனார்.

"கார்டு சார்!"

பதில் இல்லை.

"கார்டு சார், உள்ள இருக்கீங்களா?"

கதவு மெதுவாகத் திறந்தது. கார்டு வாசற்படியிலேயே நின்றார்.

"உங்க கொடியில இருக்கே, அது ஆண் பூவா?"

"ஆமா சார். எல்லாமே ஆண்தான். டீச்சர் சொன்ன மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஒரு பெண் பூ விரிஞ்சிருக்கு" என்றார் அண்ணன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோமென்று அவருக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. "அதாவது, பூசணி. பூசணியில. ஒரு பூ குடுத்தீங்கன்னா..."

அண்ணி வாயைக் கையால் பொத்திக்கொண்டு செடிக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். முதுகு குலுங்கியது. கார்டு முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல், காம்பு நீளமாக விட்டு ஒரு பூவைக் கிள்ளி எடுத்துவந்து சுவருக்கு மேலே நீட்டினார். இரண்டு பேரும் ஒரு கணம் அந்தப் பூவை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

"நானே வைக்கறேன்" என்றார் அண்ணன்.

"கண்டிப்பா சார். நீங்கதான் வைக்கணும்."

அண்ணி எழுந்து வந்தாள். கண்ணில் தண்ணீர். "இதழ மொத்தமும் பிச்சிடுங்க. நடுத்தண்டு மட்டும் இருக்கட்டும். அழுத்தாதீங்க, தொட்டாப் போதும். சுத்தி எல்லாப் பக்கமும்." இருபது வருஷத்துக்கு மேல் பொத்தான் துளை தைத்த விரல்கள் அவருடையவை. பெண் பூவை இடது கையில் விரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மஞ்சள் தூள் ஒரு துணுக்கும் சிந்தாமல் சுற்றிலும் தடவினார். கார்டு சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"கை சுத்தம் சார் உங்களுக்கு" என்றார்.

"தொழிலு அப்படி" என்றார் அண்ணன், திரும்பாமல்.

பிஞ்சு நின்றது. அடுத்த நாள் கார்டு நோட்டோடு சுவருக்கு வந்தார். அண்ணியும் பேசினாள். அண்ணன் மிஷினை விட்டு இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில், கொஞ்சம் அண்ணி பக்கமாக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். இடையிடையே, "அதான் போன வாரமே எனக்குச் சொன்னாளே" என்று கார்டுக்கு விளக்கம் கொடுத்தார்.

பூசணி பழுத்து முடியக் கோடை பாதி கழிந்துவிட்டது. நல்ல கனம். அண்ணனே அறுத்துக் கொண்டுவந்து வெட்டுமேஜையில் வைத்தார். "பாதி கார்டு வீட்டுக்கு" என்றாள் அண்ணி. அவர் டேப்பை எடுத்தார். பூசணியின் இடுப்பைச் சுற்றி அளந்து, சாக்குக்கட்டியால் நடுக்கோடு போட்டு, பெரிய கத்தியால் ஒரே இழுப்பில் பிளந்தார். இரண்டு பாதியையும் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் யோசித்து, இடது கையில் இருந்ததை மேஜையில் வைத்துவிட்டு, வலது கையில் இருந்ததோடு கொல்லைப் பக்கம் நடந்தார்.

அண்ணி இரண்டு பாதியும் கிடந்த இடத்தையும் அவர் போன பக்கத்தையும் பார்த்தாள். அடுப்படித் தராசை எடுத்துவந்து மேஜைமேல் இருந்த பாதியை நிறுத்தினாள். சுவரோரம் போய், "கார்டு சார், அது எத்தன கிலோ?" என்று கேட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினாள்.

திரும்பி வந்து சொன்னேன். நம்முடையது கால் கிலோ கூடுதல்.

"பாத்தியா ஏ மாடி" என்றாள் அண்ணி. "டேப்பு நடுவுலதான் கோடு போட்டுச்சு, கை எட போட்டு எடுத்து வச்சிருக்கு." சொல்லிக்கொண்டே அந்தப் பாதியிலிருந்து விரலகலத்துக்கு ஒரு கீற்றுப் போட்டாள். கணக்கைச் சரிக்கட்டக் கார்டு வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் அதைத் தோல் சீவி, வாணலியில் போட்டாள். அண்ணனுக்குப் பிடித்த மாதிரி, உப்பும் மிளகும் போட்டு, ஓரம் முறுகலாக.

"வர வரைக்கும் சூடா இருக்கட்டும்" என்று மூடி வைத்தாள்.